தாண்டிப் போய்விட்டு அப்புறம் பார்க்கலாம்

பாடம் முடிந்த பிறகு ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சேதமான டிஎன்ஏவைச் சரிபண்ண இத்தனை நொதிகள் இருக்குன்னு சொன்னீங்க சார். அப்புறம் எதுக்கு, சேதத்தை அப்படியே வெச்சுக்கிட்டு நகலெடுக்கிறதுக்குன்னு தனியா ஒரு கூட்டம்? நின்னு சரிபண்ணிட்டுப் போனா என்ன?" மணி அடிக்கும் நேரம். சுருக்கமாக ஒரு பதில் சொன்னேன், அவளும் தலையாட்டிவிட்டுப் போனாள். ஆனால் கேள்விக்கு அடியில் இருந்த நினைப்பு என்னை விடவில்லை. சரிசெய்வதுதான் மேலான வேலை, சகித்துக்கொண்டு போவது வேறு வழியில்லாதபோது செய்வது என்ற நினைப்பு. அவள் மட்டுமில்லை, செல் உயிரியல் படித்த பலர் மனதிலும் இந்த வரிசைதான் இருக்கிறது. எனக்கு நாளாக நாளாக இது ஒப்பவில்லை. நகலெடுப்பு நடந்துகொண்டிருக்கும் நேரத்தில், அதே இடத்தில், சரிசெய்கிறேன் என்று இறங்குவதைவிட ஆபத்தான காரியம் செல்லுக்குக் கிடையாது என்பது என் கட்சி.

இந்த வரிசை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். 2015இல் வேதியியல் நோபல் பரிசு தோமஸ் லிண்டால், பால் மோட்ரிச், அஸீஸ் சன்ஜார் மூவருக்கும் டிஎன்ஏ சீர்செய்தல் ஆய்வுகளுக்காகக் கிடைத்தது. தகுதியான பரிசு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே ஆண்டு ஸ்டீபன் எல்லெட்ஜோடு சேர்ந்து மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது பெற்ற ஈவ்லின் விட்கினின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? டிஎன்ஏ சேதமடைந்தால் பாக்டீரியா தன் போக்கையே மாற்றிக்கொண்டு, பிழை வந்தாலும் பரவாயில்லை என்று நகலெடுப்பை முடிக்கப் பார்க்கிறது என்ற சிந்தனைக்கு விட்கினும் மிரோஸ்லாவ் ராட்மனும்தான் அடித்தளம் போட்டவர்கள். ராட்மன் அதற்கு வைத்த பெயரே எஸ்ஓஎஸ். சரிசெய்தல் செய்தியாகிறது. சகித்தல் பாடப்புத்தகத்தில் கடைசிப் பத்தியாகிறது.

நின்று சரிசெய்தால்

சேதம் அரிதாக நடக்கும் விபத்தாக இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். உடல் வெப்பத்தில் தண்ணீருக்குள் இருப்பதாலேயே, ஒவ்வொரு செல்லிலும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 இடங்களில் டிஎன்ஏவின் நான்கு எழுத்துகளில் அடினைனோ குவானைனோ அதன் முதுகெலும்பிலிருந்து கழன்று விழுகின்றன. லிண்டாலின் கணக்கு இது. அதற்கு மேல் சுவாசத்தின் பக்கவிளைவாக வரும் ஆக்சிஜன் சேதம். வெயிலில் நிற்கும் தோல் செல்லில் புற ஊதாக் கதிர் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்களையோ சைட்டோசின்களையோ ஒன்றோடொன்று பிணைத்துவிடும், அதுவும் ஒரு செல்லில் பல்லாயிரம் இடங்களில். இவற்றில் பெரும்பகுதியை சீர்செய்யும் நொதிகள் எடுத்துவிடும், ஆனால் எல்லாவற்றையும் உடனடியாக இல்லை. பிணைந்த தைமின் ஜோடிகளை நீக்குவது மனித செல்லில் மெதுவாகவே நடக்கிறது, ஒரு நாள் கழிந்தும் கணிசமாக மிச்சம் இருக்கும். ஆகவே நகலெடுப்பு தொடங்கும்போது டிஎன்ஏ முழுக்கச் சுத்தமாக இருப்பது என்பது நடக்காத விஷயம். மனித செல்லுக்கு அந்த வேலைக்கு இருப்பது எட்டு மணி நேரம் போல. அதற்குள் ஏறத்தாழ 600 கோடி எழுத்து ஜோடிகளைப் படித்தாக வேண்டும்.

இப்போது நகலெடுக்கும் கவையின், அதாவது இரட்டை இழை இரண்டாகப் பிரியும் இடத்தின், பக்கத்தில் போய்ப் பார்ப்போம். ஹெலிகேஸ் என்ற நொதி இரட்டை இழையைப் பிரித்துக்கொண்டு முன்னே போகிறது. பிரிப்பதற்கு எழுத்துகளைப் படிக்க வேண்டியதில்லை, அதனால் பிணைந்த தைமின் ஜோடி அதற்குப் பெரிய தடை இல்லை. பின்னால் வரும் பாலிமரேஸ் அப்படியில்லை. மனித செல்லில் நிமிடத்துக்கு ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் எழுத்து வரை நகலெடுக்கும் அந்த நொதியின் மையக் குழி மிகவும் இறுக்கமானது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு எழுத்துதான் அதற்குள் உட்காரும், சரியான ஜோடி சேர்ந்தால்தான் அடுத்த அடி. சோதித்துத் திருத்தும் திறனும், பின்னால் வரும் பிழைநீக்கமும் சேர்ந்து நூறு கோடி எழுத்துக்கு ஒரு பிழை என்ற அளவுக்குத் துல்லியம் கிடைப்பது இந்த இறுக்கத்தில் தொடங்குகிறது. அதே இறுக்கம்தான் இங்கே முட்டுக்கட்டை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட இரண்டு தைமின்கள் அந்தக் குழிக்குள் நுழையாது. பாலிமரேஸ் நின்றுவிடுகிறது, ஹெலிகேஸ் போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் ஒற்றை இழை அம்மணமாக நீள்கிறது.

இந்த நேரத்தில் மாணவி சொன்னதைச் செய்து பார்ப்போம். பிணைந்த தைமின்களை நீக்கும் சீர்செய்முறை எப்படி வேலை செய்கிறது? சேதமான இடத்தின் இரு பக்கமும் வெட்டி, முப்பது எழுத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு துண்டை எடுத்துப் போட்டுவிட்டு, எதிர் இழையைப் பார்த்து அந்த இடத்தை நிரப்புகிறது. அந்த முறையின் உயிர் எதிர் இழையில் இருக்கிறது. கவையில் அந்த எதிர் இழை பிரிந்து போய்விட்டது. பார்த்து எழுத எதுவும் இல்லை. அதைவிட மோசம், ஒற்றை இழையாக நிற்கும் இடத்தில் வெட்டினால் குரோமோசோமே அங்கே இரண்டாக முறியும். நுனிக்கொம்பில் உட்கார்ந்து அடிக்கொம்பை வெட்டும் வேலை இது. ஒரு எழுத்துப் பிழை வந்தாலும் செல் பிழைத்துக்கொள்ளும், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முறிந்த குரோமோசோமைத் தப்பும் தவறுமாக ஒட்டினால் வருவது வேறு வகைக் கேடு.

1968இல் யேல் பல்கலைக்கழகத்தில் டீன் ரப், பால் ஹோவர்ட்-ஃப்ளாண்டர்ஸ் இருவரும், செல் நின்று சரிசெய்யாமல் தாண்டிப் போகிறது என்பதை ஈ.கோலை பாக்டீரியாவில் நேரடியாகவே காட்டிவிட்டார்கள். வெட்டி நீக்கும் திறனே இல்லாத பாக்டீரியாவை எடுத்துக்கொண்டு, புற ஊதாக் கதிர் பாய்ச்சி, அதற்குப் பிறகு உருவான புது டிஎன்ஏவின் நீளத்தை அளந்தார்கள். நகலெடுப்பு நின்றுவிடவில்லை. ஆனால் புது இழை துண்டு துண்டாக இருந்தது. ஒரு துண்டின் சராசரி நீளம், தாய் இழையில் ஒரு சேதத்துக்கும் அடுத்த சேதத்துக்கும் இடையிலான தூரத்தோடு ஏறக்குறையப் பொருந்தியது. அதாவது, சேதத்துக்கு எதிரே ஓர் இடைவெளியை விட்டுவிட்டு செல் அடுத்த பக்கம் தாண்டிப் போயிருக்கிறது. நேரம் போகப்போக அந்தத் துண்டுகள் இணைந்து நீள இழைகளாயின, சேதமோ தாய் இழையில் அப்படியே இருந்தது. இந்தப் பாக்டீரியா தன் டிஎன்ஏவில் ஐம்பது போல சேதங்களை வைத்துக்கொண்டே உயிர் வாழ்ந்தது. இழைகளுக்கு இடையே பரிமாற்றத்தை நடத்தும் ரெக்-ஏ என்ற புரதத்தையும் சேர்த்து நீக்கிவிட்டால், ஒன்றிரண்டு சேதமே அதைக் கொல்லப் போதும். அந்த ஐம்பதுக்கும் ஒன்றுக்கும் உள்ள வித்தியாசத்தில் சீர்செய்தலுக்குப் பங்கே இல்லை. முழுக்க முழுக்கச் சகிப்பின் கணக்கு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த பரிசோதனை இதுதான், ஏனோ பாடத்திட்டத்தில் இதற்கு இடமே கிடைப்பதில்லை.

விட்ட இடைவெளி எப்படி நிரம்புகிறது என்பதற்கு ஒரு பாதை அப்போதே தெரிந்தது. பக்கத்திலேயே அதே வாசகம் உள்ள சகோதர இரட்டை இழை இருக்கிறது. 1971இல் அதே குழு, சகோதர இழைகளுக்கு இடையே பரிமாற்றம் நடப்பதைக் காட்டியது. சேதமில்லாத பிரதியைப் பார்த்து எழுதுவதால் இந்தப் பாதையில் பிழை அரிது. சில சமயம் கவையே பின்னுக்கு மடிந்து, இரண்டு புது இழைகளும் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்து, சேதமான இடம் மறுபடி இரட்டை இழைக்குள் போய்விடும். மனித செல்லில் தடைக்கு அப்பால் புதிதாகத் தொடங்கி எழுத ப்ரிம்பால் என்று ஒரு நொதி உண்டு, 2013இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது. இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு என் மனம் போய் நிற்பது இன்னொரு பாதையில்: சேதத்தின் மேலேயே ஏறி எழுதிக்கொண்டு போகும் பாலிமரேஸ்கள்.

சீர்செய்தல் நன்றாக இருந்தும் வந்த நோய்

சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோயை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி விவரித்தார். வெயில் பட்ட இடமெல்லாம் கரும்புள்ளி, உலர்ந்த தோல், சின்ன வயதிலேயே தோல் புற்றுநோய். 1968இல் ஜேம்ஸ் கிளீவர் இந்த நோயாளிகளின் செல்கள் புற ஊதா சேதத்தை வெட்டி நீக்க முடியாதவை என்று கண்டுபிடித்தார். கதை அழகாகப் பொருந்திவிட்டது: சீர்செய்தல் கெட்டால் புற்றுநோய். ஆனால் சில ஆண்டுகளிலேயே பொருந்தாத நோயாளிகள் வந்தார்கள். அதே தோல், அதே புற்றுநோய், கொஞ்சம் தாமதமாக வரும், அவ்வளவுதான். அவர்களது செல்களைச் சோதித்தால் வெட்டி நீக்கும் வேலை கச்சிதமாக நடந்தது. இவர்களை வேரியன்ட் என்று தனியாக ஒதுக்கி வைத்தார்கள். ஒரு கொள்கைக்குள் அடங்காதவர்களுக்கு மருத்துவம் வழக்கமாக வைக்கும் பெயர்.

என்னைப் பொறுத்தவரை சகிப்பு பற்றிய பேச்சு முழுவதும் திரும்புவது இந்த ஒதுக்கப்பட்ட நோயாளிகளிடம்தான். 1975இல் ஆலன் லேமன் குழுவினர், இவர்களது செல்களில் கதிர்பட்ட பிறகு உருவாகும் புது டிஎன்ஏ வழக்கத்தைவிடச் சின்னத் துண்டுகளாக இருப்பதையும், அவை நீள இழைகளாகச் சேர அதிக நேரம் எடுப்பதையும் பார்த்தார்கள். ரப்பும் ஹோவர்ட்-ஃப்ளாண்டர்ஸும் பாக்டீரியாவில் கண்ட அதே காட்சி, இந்த முறை மனித நோயில். கெட்டுப்போயிருந்தது சீர்செய்தல் இல்லை, தாண்டுதல். அடுத்த ஆண்டே வெரோனிகா மாஹரும் ஜஸ்டின் மெக்கார்மிக்கும் இன்னொன்றைக் காட்டினார்கள்: இந்தச் செல்கள் கதிருக்குப் பிறகு கிட்டத்தட்ட இயல்பான அளவில் பிழைத்துக்கொள்கின்றன, ஆனால் அவற்றில் சடுதிமாற்றங்கள், அதாவது வாசகத்தில் நிலைத்துவிடும் பிழைகள், மிக அதிகம்.

எந்த நொதி இல்லாமல் போனது என்று தெரிய 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒசாகாவில் ஃபுமியோ ஹனாவோக்காவின் குழு, பிணைந்த தைமின் ஜோடியுள்ள டிஎன்ஏவைக் கொடுத்து, நோயாளியின் செல் சாறு அதைத் தாண்ட முடியாமல் நிற்பதைப் பார்த்தது. இயல்பான செல்லின் சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்தப் பகுதியைச் சேர்த்தால் தாண்ட முடிகிறது என்று தேடிக்கொண்டே போய், கடைசியில் ஒற்றைப் புரதத்தில் வந்து நின்றது. அதே சமயத்தில் டெக்சாஸின் கால்வெஸ்டனில் சத்ய பிரகாஷ், லூயிஸ் பிரகாஷ் தம்பதியின் குழு ஈஸ்ட்டின் பக்கமிருந்து அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. பாலிமரேஸ் ஈட்டா. வேரியன்ட் நோயாளிகளில் பழுதாகியிருந்தது இதற்கான மரபணு.

அப்புறம்தான் விசித்திரம். இந்த நொதிக்குச் சேதமே இல்லாத சாதாரண டிஎன்ஏவைக் கொடுத்து எவ்வளவு பிழை செய்கிறது என்று அளந்தார்கள். நூறு எழுத்துக்குள் ஒரு பிழையாவது செய்துவிடுகிறது. தான் எழுதியதைத் திரும்பிப் பார்த்துத் திருத்தும் வசதியும் இதற்குக் கிடையாது. நமக்குத் தெரிந்த பாலிமரேஸ்களில் படுமோசமான எழுத்தாளர்களில் ஒன்று. அப்படியானால் அது இல்லாத செல்லில் பிழை குறைய வேண்டும். கூடியது. அதுவும் புற்றுநோய் வரும் அளவுக்கு.

2010இல் வெய் யாங்கின் குழு வெளியிட்ட படிக அமைப்பைப் பார்த்தால் முடிச்சு அவிழும். ஈட்டாவின் மையக் குழி அகலமானது. பிணைந்த இரண்டு தைமின்களும் ஒன்றாகவே அதற்குள் உட்கார இடம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு அடினைனை வைக்கிறது. சேதத்தால் வளைய வேண்டிய டிஎன்ஏவை வளையவிடாமல் நேராகப் பிடித்துக்கொள்கிறது. சேதத்தைத் தாண்டி இன்னும் ஓரிரண்டு எழுத்து எழுதியதும் பிடி தளர்ந்து கழன்றுவிடுகிறது. தைமினுக்கு ஜோடி அடினைன், ஆக எழுதியது சரியான வாசகம். இந்த நொதி இல்லாவிட்டால் தைமின் ஜோடி தாண்டப்படாமல் போவதில்லை, வேறு தாண்டும் நொதிகள் அந்த இடத்துக்கு வருகின்றன, அவை அங்கே கண்டதை எழுதுகின்றன. "பிழை மலிந்த பாலிமரேஸ்" என்று இதைப் பாடத்தில் அறிமுகப்படுத்துவது எனக்கு எரிச்சலூட்டுவதற்குக் காரணம் இதுதான். எங்கே வைத்து அளந்தோம் என்பதைச் சொல்லாமல் சொல்லும் பிழை விகிதத்துக்கு அர்த்தமே இல்லை. தன் இடத்தில் ஈட்டா துல்லியமானது. அதன் இடம் சில எழுத்து நீளம்தான்.

அதற்காக அதைப் புனிதராக்கவும் வேண்டாம். பிணைப்பில் சிக்கிய சைட்டோசின் சீக்கிரமே அமினோத் தொகுதியை இழந்து யுராசிலாக மாறிவிடும். ஈட்டா அங்கே வந்தால் தன் வழக்கப்படி ஒழுங்காக அடினைனை வைக்கும். யுராசிலுக்கு அது சரியான ஜோடி, ஆனால் மூல வாசகத்துக்குப் பிழை. சைட்டோசின் இருந்த இடம் தைமின் ஆகிவிட்டது. தோல் புற்றுநோய்களின் டிஎன்ஏவில் மறுபடி மறுபடி தென்படும் மாற்றம் இதுதான், பக்கத்துப் பக்கத்து இரண்டு சைட்டோசின்களும் தைமின்களாக மாறியிருந்தால் வெயில்தான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

பிழை எப்போது நிரந்தரமாகிறது

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம், ஏனென்றால் சீர்செய்தலையும் சகித்தலையும் எதிரெதிர் கட்சியாக வைப்பதுதான் மொத்தக் குழப்பத்துக்கும் வேர் என்று எனக்குத் தோன்றுகிறது. தாண்டி முடிந்ததும் சேதமான இழைக்கு எதிரே புது இழை வந்துவிட்டது. மறுபடி இரட்டை இழை. இப்போது வெட்டி நீக்கும் நொதிகள் நிதானமாக வந்து வேலையைப் பார்க்கலாம், குரோமோசோம் முறியாது. ஆகவே சகிப்புதான் சீர்செய்தலுக்கு அவகாசம் வாங்கித் தருகிறது. ஆனால் அந்தச் சீர்செய்தல் எதைப் பார்த்து எழுதும்? தாண்டும்போது எழுதிய புது இழையைப் பார்த்து. அதில் பிழை இருந்தால் சீர்செய்யும் நொதி அதையே மூலமாக நம்பி, பழைய இழையிலும் அதே பிழைக்கு ஜோடியை எழுதிவிடும். சேதம் போயிற்று, தடயமும் போயிற்று. இரண்டு இழையும் வேதியியல்படி பழுதற்றவை, ஒன்றுக்கொன்று பொருந்துபவை, வாசகம் மட்டும் வேறு. இனி எந்த நொதியாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. சேதத்தை நீக்கலாம், சடுதிமாற்றத்தை நீக்க முடியாது. துல்லியமான சீர்செய்தல் ஒரு பிழையை நிரந்தரமாக்கும் இந்த இடத்தை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

அதனால்தான் யார் தாண்டுவது, எவ்வளவு தூரம் என்பதில் செல் இத்தனை கறார். பாலிமரேஸை டிஎன்ஏவோடு பிடித்து வைக்க பிசிஎன்ஏ என்ற வளையப் புரதம் உண்டு. கவை நின்று ஒற்றை இழை வெளியே தெரிந்ததும், அதைப் போர்த்தும் ஆர்பிஏ புரதத்தின் வழியாக ராட்-18 என்ற நொதி அங்கே வந்து, வளையத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் இருக்கும் குறிப்பிட்ட ஓரிடத்தில் யுபிக்விட்டின் என்ற சின்னப் புரதத்தை ஒட்டுகிறது. 2002இல் ஸ்டெஃபான் யென்ட்ஷின் குழு ஈஸ்ட்டில் கண்டது இது. ஒரே ஒரு யுபிக்விட்டின் ஒட்டினால் தாண்டும் பாலிமரேஸுக்கு அழைப்பு. ஈட்டாவின் வாலில் யுபிக்விட்டினைப் பற்றும் பகுதி தனியாகவே இருக்கிறது. அதே லைசினில் சங்கிலியாகப் பல யுபிக்விட்டின்கள் சேர்ந்தால், சகோதர இழையைப் பார்த்து எழுதும் பிழையற்ற பாதை. ஒரே வளையம், ஒரே லைசின், இரண்டு முடிவு. ஈட்டாவைச் சும்மா உலவவிட்டால் என்ன நடக்கும் என்று மேலே சொன்ன பிழை விகிதமே சொல்கிறது. உடல் அதை வேண்டுமென்றே உலவவிடும் ஓர் இடமும் உண்டு: எதிர்ப்புரத மரபணுக்கள். அங்கே பி செல்கள் புதுப்புது எதிர்ப்புரதங்களைப் பெற சடுதிமாற்றம் தேவை, அதில் அடினைன்-தைமின் இடங்களில் வரும் மாற்றங்களில் பெரும்பகுதி ஈட்டாவின் கைவண்ணம். வேரியன்ட் நோயாளிகளில் அந்த மாற்றங்கள் குறைவு.

இந்தத் திறமை புற்றுநோய்க் கட்டிக்குள்ளும் இருக்கிறது என்பதுதான் மருத்துவத்துக்குச் சங்கடம். சிஸ்பிளாட்டின் என்ற மருந்து புற்றுநோய் செல்லைக் கொல்வது பக்கத்துப் பக்கத்துக் குவானைன்களைப் பிணைத்து நகலெடுப்பை நிறுத்துவதால். ஈட்டாவின் அகலமான குழி அதையும் தாண்டிவிடும். தாண்டும் வேலை செய்யும் வேறு நொதிகளான ரெவ்-1, பாலிமரேஸ் ஸீட்டா இரண்டும் சேர்ந்து இன்னும் பல சேதங்களைத் தாண்ட உதவும், போகிற போக்கில் புது சடுதிமாற்றங்களையும் விட்டுச்செல்லும். அவற்றிலிருந்து மருந்துக்கு அடங்காத செல் முளைக்கலாம். 2019இல் ரெவ்-1ஐ முடக்கும் ஒரு மூலக்கூறை சிஸ்பிளாட்டினோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தபோது மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க் கட்டியின் வளர்ச்சி குறைந்தது. நம்பிக்கை தரும் முடிவுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸீட்டாவின் மையப் பகுதிக்கான மரபணுவை முழுவதுமாக நீக்கிய எலிகள் பிறப்பதே இல்லை, கருவிலேயே மடிந்துவிடுகின்றன. வெயிலும் படாத, எந்த மருந்தும் கொடுக்காத கரு. வேகமாகப் பிரியும் செல்லுக்குத் தண்ணீரும் ஆக்சிஜனும் தரும் சேதமே போதுமானதாக இருக்கிறது. ஆகவே இந்த நொதிகளை முடக்கும் மருந்து வந்தாலும், சிஸ்பிளாட்டின் வேலை செய்யும் நேரத்துக்கு மட்டும் முடக்கிவிட்டு உடனே விட்டுவிட வேண்டியிருக்கும், குடல் சுவரும் எலும்பு மஜ்ஜையும் அதுவரை தாக்குப்பிடித்தாக வேண்டும்.